க.விலக்கிலிருந்து கரி ஓடுதளம் வரை: ஒரே காருக்கு எந்த சஸ்பென்ஷன்?

மதுரை–தேனி நெடுஞ்சாலையில் க.விலக்கில் தெற்கே திரும்பினால், கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று சாலை மலையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மூல வைகை பக்கத்திலேயே வரும். தென்னந்தோப்பும் இலவமரமும் முருங்கைக் காடுமாக மாறி மாறிப் போகும். தார் நன்றாக இருக்கும் இடத்தில் அறுபதில் போகலாம். ஊர் வந்ததும் வேகத்தடை வரும். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, 17 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் வண்டி அதை நோகாமல் கடந்துவிடும். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருப்பவை அதே உயரத்தை ஒரு முழ அகலத்தில் எழுப்பியவை. அவற்றைத் தாண்டினால் தரைப்பாலம். அதையும் தாண்டித் தோப்புக்குத் திரும்பினால் டிராக்டர் சக்கரம் போட்ட இரட்டைப் பள்ளம்.

இந்தச் சாலையில் வாரம் ஆறு நாள் ஓடும் காரை ஏழாம் நாள் போட்டிக்கும் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த பிறகு, மோட்டார் பந்தயம் தேனி மாவட்டத்து டீக்கடைப் பேச்சுக்கும் வந்துவிட்டது. ஆசை நல்ல ஆசை. அதைக் கையில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் முதலில் செய்வது என்னவோ காரைத் தாழ்த்துவதுதான். வண்டி பார்க்கப் பந்தயக் கார் மாதிரி ஆகிவிடுகிறது. ஓடுவதில் முன்பு இருந்ததைவிட மோசமாகிவிடுகிறது. ஏன் அப்படி, வேறு எப்படிச் செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்டும் போட்டிக் காரில் கடைசிவரை விட்டுக்கொடுக்கக் கூடாதது, சக்கரம் மேலும் கீழும் போய்வர இருக்கும் இடம். மெக்கானிக்குகள் அதை டிராவல் என்பார்கள். காசு போடுவதானால் முதலில் டயருக்கும் ஷாக்குக்கும் போட வேண்டும். ஸ்பிரிங்குக்கு அதன் பிறகு. தாழ்த்துவது எல்லாவற்றுக்கும் கடைசி.

தமிழ்நாட்டு மோட்டார் பந்தயத்தில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் தன் பந்தயங்களை வளர்த்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் வந்ததும் பந்தயம் அங்கே போனது. கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அதே பள்ளியைச் சேர்ந்தது. மாருதி 800 எஞ்சினை வைத்துச் சாமானியருக்கும் எட்டும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் பெயர் தாங்கிய இடம் அது. இவையெல்லாம் சமமான தளங்கள். அங்கே கார் தாழ்வாகவும் விறைப்பாகவும் இருந்தால் லாபம் உண்டு.

இன்னொரு பள்ளி ராலி. சவுத் இந்தியா ராலி, கோவையின் ராலி, 1988 முதல் நடந்துவரும் தேசிய ராலி சாம்பியன்ஷிப் எல்லாம் இந்தப் பள்ளி. எஸ்டேட் சாலை, செம்மண் தடம், காற்றாலைக் காட்டுப் பாதை என்று இவை ஓடும். ஜிப்ஸியும் எஸ்டீமும் புழுதி கிளப்பிய இடங்கள் இவைதான். ராலிக் காருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் பொதுச் சாலையில், மற்ற வண்டிகளோடு, விதிக்கு உட்பட்டு அது போயாக வேண்டும். பதிவெண் உள்ள வண்டியாக அது பாதி நேரம் சாலையில்தான் வாழ்கிறது. நம் ஊர்க் காரின் நிலைமையும் அதுதானே. கடமலைக்குண்டுக்காரர் சஸ்பென்ஷன் பற்றிப் பாடம் கேட்க வேண்டுமானால் சோழவரம் பள்ளியைவிட ராலிப் பள்ளியிடம் கேட்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

உலகத்திலேயே கடுமையான ராலி என்று பெயர் வாங்கிய கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரியை 1963, 1966, 1967, 1968 என நான்கு முறை வென்றது பெஜோ 404. குடும்பம் ஏறிப்போகும் சாதாரண நான்கு கதவுக் கார். அதன் பின் வந்த 504 மாடல் 1975-லும் 1978-லும் வென்றது. இந்தக் கார்களின் ஸ்பிரிங் மென்மையானது, டிராவல் நீளம். ஷாக் அப்சார்பரை அந்தக் கம்பெனி தானே செய்து, அதில் மிகுந்த அக்கறை காட்டியது. குதிரைத்திறன் கூடிய எத்தனையோ கார்கள் அந்தப் பாதையில் நொறுங்கிப் போக, இவை கடைசிவரை வந்து சேர்ந்தன. சக்கரம் தரையில் இருந்தால்தான் பிரேக்கும் பிடிக்கும், ஸ்டீரிங்கும் கேட்கும், எஞ்சினும் தள்ளும். காற்றில் இருக்கும் சக்கரம் எதற்கும் உதவாது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் விற்கும் பாதிப் பொருள்களைப் பற்றி நாமே முடிவு சொல்லிவிடலாம்.

கொஞ்சம் கணக்கு வேண்டும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்த காரை அழுத்திவிட்டால் அது ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடும். வினாடிக்கு எத்தனை முறை என்பதே அதன் அதிர்வெண். வீட்டுக் கார்கள் பெரும்பாலும் வினாடிக்கு 1 முதல் 1.5 முறைக்குள் ஆடும்படி அமைந்தவை. விறைப்பான விளையாட்டுக் கார் 1.5-லிருந்து 2 வரை போகும். காற்றழுத்த இறக்கைகள் இல்லாத பந்தயக் காரே 2, 2.5 என்றுதான் இருக்கும். ஒரு சிறிய ஹாட்ச்பேக்கின் முன் சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1.3 முறை ஆட வேண்டுமானால், சக்கரத்தில் அளக்கும்போது ஒரு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அளவு ஸ்பிரிங் போதும். 1.6 என்றால் 30. 2 என்றால் 47. அதாவது 1.3-லிருந்து 2-க்குப் போக ஸ்பிரிங் இரண்டு மடங்குக்கும் மேலே விறைக்க வேண்டும். அந்த ஸ்பிரிங்கோடு வருசநாட்டுச் சாலையில் போனால், பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முதுகு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என் கணிப்பில் இந்தப் பள்ளத்தாக்குக்கு 1.6 தான் எல்லை. அதைத் தாண்டினால் பந்தயத்தில் கிடைப்பது கொஞ்சம், சாலையில் இழப்பது நிறைய.

பின் ஸ்பிரிங்கை முன்னதைவிடச் சற்றே கூடுதல் அதிர்வெண்ணில் வைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. மேட்டை முதலில் முன் சக்கரம் ஏறுகிறது, கொஞ்சம் கழித்துத்தான் பின் சக்கரம். பின்புறம் வேகமாக ஆடினால் தாமதத்தை ஈடுகட்டி முன்புறத்தோடு சேர்ந்துகொள்ளும். கார் தலையாட்டாமல் தட்டையாகப் போகும். மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930-களில் அமெரிக்காவில் கண்டு சொன்ன விஷயம் இது. கடையில் வாங்கும் ஸ்பிரிங் செட்டில் முன்புறம் மட்டும் மிக விறைத்துப் பின்புறம் மென்மையாக இருந்தால் இந்த ஒழுங்கு குலைந்துபோகும். நால்வழிச் சாலையிலேயே கார் ஊஞ்சலாடும்.

இப்போது சுமையைப் பார்ப்போம். பந்தயக் காரில் ஓட்டுநர் ஒருவர். நம் காரில் வெள்ளிக்கிழமை வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குக் குடும்பமே ஏறும். பின் சக்கரங்களின் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால், பின்னால் கூடும் 200 கிலோ சுமையில் கார் ஏறக்குறைய 5 செ.மீ. அமுங்கும். சக்கரம் மேலே ஏற முதலில் 8 செ.மீ. இடம் இருந்தது, காரை 4 செ.மீ. தாழ்த்திவிட்டோம் என்று வையுங்கள். மிச்சம் 4. தாழ்த்தும் ஸ்பிரிங் 30 சதவீதம் விறைப்பானது என்று எடுத்துக்கொண்டாலும் சுமைக்கு 3.8 போய்விடுகிறது. வண்டி நகரும் முன்பே கணக்கு முடிந்துவிட்டது. அதன் பிறகு காரைத் தாங்குவது ஸ்பிரிங் இல்லை, பம்ப் ஸ்டாப் என்ற கட்டை ரப்பர். ‘அடி தட்டுது’ என்று சொல்வது இதைத்தான். ரப்பரில் உட்கார்ந்த சக்கரம் திடீரென்று பல மடங்கு விறைக்கும். வளைவின் நடுவில் அது நடந்தால் அந்தச் சக்கரம் பிடியை விட்டுவிடும். போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் எதிலாவது அப்படி நடப்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

தாழ்த்துவதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடும் உண்டு. நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் வடிவமைத்து, ஃபோர்டு கம்பெனி 1950 வாக்கில் கார்களில் கொண்டுவந்த இந்த அமைப்பு எளியது, மலிவானது, உறுதியானது. ஆனால் காரைத் தாழ்த்தும்போது லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயும். அப்போது, கார் சாய்வதற்கு அச்சாக இருக்கும் புள்ளி, கார் தாழ்ந்ததைவிட அதிகமாகக் கீழே போய்விடும். எடையின் மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடைவெளி கூடிவிடுவதால், தாழ்த்திய கார் வளைவில் குறைவாகச் சாய்வதற்குப் பதில் அதிகமாகவே சாயப் பார்க்கும். டை ராடும் லோயர் ஆர்மும் வெவ்வேறு கோணத்தில் நிற்பதால் மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பவும் தொடங்கும். ஸ்டீரிங் கையில் இழுக்கும். பால் ஜாயின்ட்டை நீட்டி இதைச் சரிசெய்யும் பாகங்கள் உலகச் சந்தையில் இருக்கின்றன. நமக்கு அந்தச் செலவே வேண்டாம். தாழ்த்தாமல் இருந்தால் போதும். தாழ்த்தியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் தம்பிகளிடம் நான் சொல்லும் அளவு 15 மில்லிமீட்டர். அதற்கு மேல் வேண்டாம்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. என் முதல் காருக்கு ஒரு பட்டறையில் அதைத்தான் செய்தார்கள். ஆறு சுற்றில் ஒன்றரைச் சுற்றை வெட்டி எடுத்துவிட்டு, இனி வண்டி ரோட்டைக் கவ்வும் என்று சொல்லி அனுப்பினார்கள். காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். ஆறு நாலரையானால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். கூடியது மட்டும் இல்லை, ஸ்பிரிங் கட்டையாகவும் ஆகிவிட்டது. தரைப்பாலத்தின் ஓரத்தில் முன் சக்கரம் ஒன்று பள்ளத்தில் தொங்கியபோது ஸ்பிரிங் தளர்ந்து தன் இருக்கையை விட்டு நகர்ந்தது. மறுபடி பாரம் ஏறியபோது தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தது. வெடித்த மாதிரி ஒரு சத்தம். காரில் என் அக்காவும் அவள் குழந்தையும் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து, வெட்டிய ஸ்பிரிங் போட்ட வண்டியில் நான் ஏறுவதில்லை. ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமானால் அந்த மாடலுக்கென்றே சுற்றிய ஸ்பிரிங்கை வாங்குங்கள். கம்பியின் தடிமன் செய்யும் வேலையைப் பாருங்கள்: விறைப்பு அந்தத் தடிமனின் நான்காம் அடுக்காகக் கூடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 போட்டால், மற்ற அளவுகள் மாறாமல் இருக்க, விறைப்பு 38 சதவீதம் ஏறிவிடும். ஒரு மில்லிமீட்டரில் இவ்வளவு மாறும் பொருளைக் கண்ணளவில் யாரும் செய்யக் கூடாது.

ஷாக் அப்சார்பர் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். காரின் எடையை ஷாக் தாங்குவதில்லை. அதைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கி, அந்தச் சக்தியை எண்ணெயில் வெப்பமாகக் கரைப்பது ஷாக்கின் வேலை. ஸ்பிரிங்கை விறைத்துவிட்டுப் பழைய ஷாக்கையே வைத்திருந்தால் அடக்கும் விகிதம் குறைந்துவிடும். ஸ்பிரிங் ஒன்றரை மடங்கானால் அதே விகிதத்தைக் காக்க ஷாக் 1.22 மடங்கு வலுக்க வேண்டும். வலுக்காவிட்டால் கார் மேட்டைக் கடந்த பிறகும் குதித்துக்கொண்டே இருக்கும். இங்கே தாழ்த்திய கார்களில் நாம் பார்க்கும் அந்தத் துள்ளல் இதுதான். நேர்மாறாக, ஸ்பிரிங்கைத் தொடாமல் நல்ல ஷாக் மட்டும் போட்டால், காரின் உயரமும் டிராவலும் அப்படியே இருக்க, வளைவில் திரும்பும் நொடியில் கார் சட்டென்று நிலைகொள்ளும். ஒரே செலவில் சாலைக்கும் போட்டிக்கும் சேர்ந்து பலன் தரும் பாகம் இதைத் தவிர வேறு இல்லை என்பேன்.

வாங்கும்போது இரண்டு வகையைக் கேள்விப்படுவீர்கள். நம் கார்கள் கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் இரட்டைக் குழாய் ஷாக்கோடு. 1961 முதல் இங்கே ஷாக் செய்துவரும் கேப்ரியல் இந்தியா போன்ற கம்பெனிகளின் சரக்கு எல்லா ஊரிலும் கிடைக்கும். விலை குறைவு. வெளிக்குழாயில் கல் பட்டு நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும் குழாய்க்குச் சேதம் வராது. ஆனால் நீண்ட மண் பாதையில் விடாமல் அடி வாங்கினால் எண்ணெய் சூடேறி நுரைக்கும், அடக்கும் வலு குறையும். ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயையும் அழுத்த நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்துவைக்கும். பிரெஞ்சுக்காரர் டி கார்பன் தந்த யோசனை இது. பில்ஸ்டீன் அதைக் கார்களில் பரப்பியது. இந்த வகை நுரைக்காது, வெப்பத்தை நேராக வெளிக்காற்றுக்கு விடும். ஆனால் குழாய் நசுங்கினால் ஷாக் போயிற்று. பில்ஸ்டீனில் பி6 வரிசை கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு என்று பிரித்திருக்கிறார்கள். நமக்குப் பொருந்துவது முதல் வகை. கோனியின் மஞ்சள் ஷாக்கில், சக்கரம் கீழே திரும்பும்போது பிடிக்கும் பிடியை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். இந்திய மாடல் ஒவ்வொன்றுக்கும் இவை நேராகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டில் விற்ற அதே காரின் பாக எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அந்தத் திரும்பும் பிடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ரீபவுண்ட் எனப்படும் அதைக் கூட்டக் கூட்ட ஸ்டீரிங் கூர்மையாவது போலத் தோன்றும். ஆசையில் மேலும் திருகத் தோன்றும். அடுத்தடுத்து மேடு வரும் சாலையில் சக்கரம் கீழே திரும்பி வரும் முன்பே அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கீழே இறங்கி, கடைசியில் ரப்பரில் உட்கார்ந்துவிடும். கடமலைக்குண்டு தாண்டி வரிசையாக வேகத்தடை இருக்கும் இடங்களில் இதை நானே உணர்ந்திருக்கிறேன். திருகும் ஷாக் இருந்தால் சாலைக்கு ஓர் அளவு, ஓடுதளத்துக்கு ஓர் அளவு என்று குறித்துவைத்து, ஞாயிறு இரவே சாலை அளவுக்குத் திருப்பிவிட வேண்டும்.

உயரம் மாற்றும் காயில்ஓவர் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நல்ல காயில்ஓவர் அருமையான கருவிதான். ஓட்டுநர் உட்கார்ந்திருக்க நான்கு சக்கரத்திலும் எடையைச் சமன் செய்ய அதைவிட வசதி இல்லை. ஆனால் சமன் செய்யத் தராசு வேண்டும், தெரிந்த கை வேண்டும், பழுதானால் பிரித்துச் சேர்க்கப் பட்டறை வேண்டும். மலிவான செட்டுகளில் உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங் இருக்கையைக் கீழே இறக்குவது ஒன்றே வழி. அது டிராவலைத்தான் தின்னும். அடிக்குழாயையும் தனியாகத் திருகி உயரத்தை மாற்றும் வகையில் இந்தக் குறை இல்லை. நம் செம்மண் தூசியும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் திருகு மரைகள் ஒரே வருஷத்தில் இறுகிப்போகும். முப்பது கிளிக் இருக்கிறது என்று பெருமைப்படும் மலிவு ஷாக்கில் பத்துக் கிளிக்குக்கு ஒருமுறைதான் வித்தியாசம் தெரியும். மாதம் ஒருமுறையாவது ஓடுதளம் போகாதவருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் ஸ்டேபிலைசர் பாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முன்சக்கரம் இழுக்கும் கார்கள் வளைவில் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போகும். பின்பக்கம் சாய்வைத் தடுக்கும் விறைப்பைக் கூட்டினால் இது குறையும். நம் ஹாட்ச்பேக்குகளின் பின்னால் இருக்கும் முறுக்கு பீமே பாதி ஸ்டேபிலைசர்தான். அதோடு சேர்த்துப் போல்ட் செய்யும் பார் கிடைத்தால் நேர்ச்சாலையில் விறைப்புக் கூடாமல் வளைவில் மட்டும் பலன் கிடைக்கும். ஆனால் ஈரச் சாலையில் பின்புறம் வழுக்கிக்கொண்டு வர அதே பார் காரணமாகும். மேகமலை ஏறும் பதினெட்டு வளைவுகளுக்கும் பூப்பெயர் வைத்திருக்கிறார்கள். மழையில் அந்த அழகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டுமானால் மிக விறைத்த பின் பார் வேண்டாம்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியதைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், யாரும் அதை அப்கிரேடு என்று எண்ணாததுதான். எட்டு வருஷம் ஓடிய காரில் லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருக்கும், பால் ஜாயின்ட் ஆடும், ஸ்ட்ரட்டின் தலைமேல் இருக்கும் மவுன்ட் தேய்ந்திருக்கும், லிங்க் ராட் கடகடக்கும். இவற்றின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் வீண். எல்லாவற்றையும் புதிதாகக் கம்பெனி ரப்பரிலேயே மாற்றுங்கள். ஒரே நாளில் காரின் வயது பாதியாகக் குறைந்துவிடும். பாலியூரித்தேன் புஷ் உறுதியானது, ஆனால் தூசியில் கிறீச்சிடும், ஒவ்வொரு கல்லையும் உடம்புக்குள் கொண்டுவரும். முன் ஆர்மின் பின் புஷ் ஒன்றுக்கு மட்டும் வேண்டுமானால் போடலாம். ஷாக் தண்டின் மேல் மூடியிருக்கும் டஸ்ட் கவர் கிழிந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். எங்கள் ஊர் மண்ணில் ஷாக்கைக் கொல்வது பள்ளத்தைவிடத் தூசிதான். சீலுக்குள் மணல் போனால் எண்ணெய் கசியத் தொடங்கும். பிறகு டயர், அப்புறம் அலைன்மென்ட். முன் சக்கரத்தின் மேல்விளிம்பு ஒரு டிகிரி உள்ளே சாய்ந்திருந்தால் வளைவில் நல்ல பிடி கிடைக்கும், டயரும் பெரிதாகத் தேயாது. இரண்டரை டிகிரி வைத்தால் ஓடுதளத்தில் நேரம் குறையும், டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரில் கம்பி தெரியும் அளவுக்குப் போகும்.

எந்தப் போட்டி என்பதும் முடிவை மாற்றும். நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்கிட்டுப் பொதுச் சாலையில் குறித்த சராசரியில் போகும் டி.எஸ்.டி. ராலிக்குக் கம்பெனி சஸ்பென்ஷனே மேல். அதில் ஜெயிப்பது பக்கத்து இருக்கைக்காரரின் கணக்கு. மண் திடலில் நடக்கும் ஆட்டோகிராஸில் டிராவலும் அடித்தகடும்தான் காப்பாற்றும். கரி ஓடுதளம் போன்ற இடத்தில்தான் விறைப்புக்கு மதிப்பு. அங்கே போய்வர எங்கள் ஊரிலிருந்து ஒரு பக்கத்துக்கே இருநூறு கிலோமீட்டர் அளவு. கார் தன் சக்கரத்திலேயே போய், ஓடி, தன் சக்கரத்திலேயே வீடு திரும்ப வேண்டும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் அந்தந்தப் போட்டியின் விதிநூலைப் படியுங்கள். பல இடங்களில் ஸ்பிரிங்கை மாற்றினாலே கார் கம்பெனி நிலைப் பிரிவிலிருந்து நீங்கி, கடுமையான பிரிவில் பெரிய வண்டிகளோடு மோத வேண்டிவரும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி வகுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்தது. கம்பெனி உயரத்திலேயே நல்ல ஷாக் போடுவதற்கும், காரை நான்கு அங்குலம் தாழ்த்துவதற்கும் சட்டத்தின் கண்ணிலும் தூரம் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரரின் கண்ணில் இன்னும் அதிக தூரம். 189-ஆம் பிரிவு, அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவதைக் குற்றமாக்குகிறது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ஓடியது அரசே சாலையை மூடிக் கொடுத்ததால். போடிமெட்டிலும் கம்பமெட்டிலும் விடிகாலையில் நேரம் வைத்து ஓட்டும் தம்பிகளே, அந்தச் சாலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் வேலைக்காரப் பெண்களின் ஜீப்பும் வருகிறது. ஓட வேண்டுமானால் செட்டிப்பாளையம் வாருங்கள். நான் உடன் வருகிறேன்.

இவ்வளவு படித்த பிறகும் உங்கள் காருக்கு என்ன வேண்டும் என்று சந்தேகம் இருந்தால், பத்து ரூபாயில் ஒரு சோதனை செய்யலாம். டஸ்ட் கவரை மேலே தூக்கிவிட்டு, ஷாக் தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் கட்டு ஒன்றை, இறுக்காமல், நகரும்படி கட்டிக் குழாயோடு ஒட்டிக் கீழே தள்ளிவிடுங்கள். சக்கரம் எவ்வளவு தூரம் மேலே வந்ததோ, அவ்வளவு தூரம் அந்தக் கட்டைக் குழாய் தள்ளிக்கொண்டு போகும். ஒரு நாள் குடும்பத்தோடு வருசநாடு போய்வந்து அளந்து எழுதுங்கள். கட்டை மறுபடி கீழே இறக்கி, கரி ஓடுதளத்தில் பத்துச் சுற்று ஓட்டி அளந்து எழுதுங்கள். நான் என் காரில் இதைச் செய்தபோது ஓடுதளத்தில் கட்டு பாதி தண்டைக்கூடத் தொடவில்லை. வருசநாட்டுச் சாலையில் அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு, ரப்பரில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது.